பெரிய இன்ஜெக்டர் போட்டால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாகப் பேச நிற்கிறவன் படும் பாடு உங்களுக்குத் தெரியும். சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. ஆகவே பெரிய விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. கைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு சாமானைப் பற்றி, அதைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் நான் ஒரு எஞ்சினை உடைத்த கதையைச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் ஃப்யூயல் இன்ஜெக்டர்.

முதலில் நம் தெர்மல் லேபுக்குப் போய்விட்டு வருவோம். மூலையில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று நிற்கும். கயிற்று பிரேக்கில் எடையைத் தொங்கவிட்டு, பியூரெட்டில் 10 சி.சி. டீசல் இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் பிடிப்போம். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று கண்டுபிடிப்போம். ஸ்பெசிஃபிக் ஃப்யூயல் கன்ஸம்ப்ஷன். நான் அந்த எக்ஸ்பெரிமெண்ட்டை முந்தைய பேட்ச் அண்ணன் ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன். சார் நோட்டைப் புரட்டிவிட்டு, "என்னப்பா, எஞ்சின் ஓடுறதுக்கு முன்னாடியே ரீடிங் வந்துடுச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் வேலை நிமித்தமாக அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் போய்ச் சேர்ந்தேன். ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவனும் அங்கேயே வந்து சேர்ந்தான். இரண்டு பேருக்கும் கார் பைத்தியம். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு 1992 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. வாங்கினோம். 5 லிட்டர், வி-8. ஃபாக்டரியில் இருந்து வரும்போது 225 குதிரைத்திறன். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டியிருந்தார். அந்தப் பாதிப் பணம், ஊருக்கு வந்துபோக டிக்கெட் எடுக்க அவன் சேர்த்து வைத்தது. அதை அப்போது அவன் சொல்லவில்லை.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது? கிராங்க் ஷாஃப்டில் இருந்து பெல்ட் வழியாகச் சக்தியை வாங்கி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. எங்கள் காரில் அது 8 பி.எஸ்.ஐ. கூடுதல் அழுத்தம் தந்தது. காற்றுமண்டல அழுத்தம் 14.7. அத்துடன் 8 சேர்ந்தால் 22.7. ஆக, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று. காற்று ஒன்றரை மடங்கு போனால் பெட்ரோலும் அதற்குத் தக்கபடி, இன்னும் சொல்லப்போனால் அதற்கு மேலேயே போக வேண்டும். சாதாரண ஓட்டத்தில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. பூஸ்ட் ஏறி முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும்போது 11.5 முதல் 12 பங்குதான் இருக்க வேண்டும். அந்த உபரி பெட்ரோல் எரிவதற்காக அல்ல, உள்ளே சூட்டைக் குறைப்பதற்காக. அது கிடைக்காவிட்டால் கலவை தானாகவே வெடிக்கும். டெட்டனேஷன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம் வரும்.

எங்கள் காரில் இன்ஜெக்டர்கள் மட்டும் பழைய 19 பவுண்டு இன்ஜெக்டர்களாகவே இருந்தன. 19 பவுண்டு என்றால், 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மூடாமல் திறந்தே வைத்தால் ஒரு மணி நேரத்தில் 19 பவுண்டு பெட்ரோல் பாயும் என்று பொருள். 225 குதிரைத்திறனுக்கு அது சரியான தேர்வு. கூடுதல் தேவைக்காக முந்தைய சொந்தக்காரர் ஒரு குறுக்குவழி பிடித்திருந்தார். பூஸ்ட் ஏற ஏற, டேங்குக்குத் திரும்பும் பெட்ரோல் குழாயை நெரித்து, இன்ஜெக்டரின் பின்னால் அழுத்தத்தைக் கூட்டும் ஒரு வால்வு. கோடை முழுக்க வண்டி நன்றாகத்தான் ஓடியது.

அக்டோபரில் ஒரு நாள், மிலன் என்ற ஊரில் உள்ள கால் மைல் ஓடுபாதைக்குப் போவதென்று முடிவு. முதல்நாள் ராத்திரி அவன் கேட்டான்: "டேய், அந்த இன்ஜெக்டர் பத்துமா? கணக்குப் போட்டியா?"

"எல்லாம் போட்டாச்சுடா" என்றேன்.

போடவில்லை.

அன்று மாலை குளிர் 5 டிகிரி. மூன்றாவது ஓட்டத்தில், பாதையின் கடைசியில் அந்தக் கூழாங்கல் சத்தம் கேட்டது. சைலன்ஸர் கிளாம்ப் லூஸாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலை எடுக்காமல் அழுத்தினேன். பின்னால் நீலப் புகை. ஏழாவது சிலிண்டரில் பிஸ்டனின் ரிங் பகுதி உடைந்திருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் விட்டோம். இரண்டு வாரம் நாங்கள் சமையலைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மாணவ நண்பர்களே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள், இது உங்கள் லேப் கணக்குதான்.

சூப்பர்சார்ஜர் உள்ள பெட்ரோல் எஞ்சினுக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணிக்கு 0.60 பவுண்டு பெட்ரோல் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ரெக்கார்டு நோட்டு அலகில் ஒரு கிலோவாட் மணிக்கு 0.365 கிலோ. சாதாரண எஞ்சினுக்கு 0.50 போதும். இங்கே ஏன் அதிகம்? கலவை செறிவாக இருக்கிறது, கம்ப்ரஸரைச் சுற்றவே எஞ்சின் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கிறது. எங்கள் எதிர்பார்ப்பு 320 குதிரைத்திறன். 320ஐ 0.60ஆல் பெருக்கினால் மணிக்கு 192 பவுண்டு. எட்டு இன்ஜெக்டருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 24.

24 பவுண்டு இன்ஜெக்டர் வாங்கினால் போதுமா? போதாது. 6000 ஆர்.பி.எம்.மில் எஞ்சின் இரண்டு சுற்று சுற்ற 20 மில்லி செகண்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரும் அதற்குள் ஒருமுறை திறந்து, பீய்ச்சி, மூடியாக வேண்டும். திறக்கவே ஏறத்தாழ 1 மில்லி செகண்ட் போய்விடும். 20 மில்லி செகண்டும் திறந்தே கிடந்தால் அது இன்ஜெக்டர் இல்லை, குழாய். கம்ப்யூட்டர் 'இன்னும் கொடு' என்றால் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. அதனால் 80 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பழக்கம். 24ஐ 0.80ஆல் வகுத்தால் 30.

30 பவுண்டு வேண்டிய இடத்தில் எங்களிடம் இருந்தது 19. அழுத்தத்தைக் கூட்டி ஈடுகட்டலாமே என்பதுதான் முந்தைய சொந்தக்காரரின் யோசனை. ஆனால் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 19ஐ 30 ஆக்க அழுத்தம் இரண்டரை மடங்காக, அதாவது 40ல் இருந்து 100 பி.எஸ்.ஐ.க்கு ஏற வேண்டும். பம்புக்கு எதிர் அழுத்தம் ஏற ஏற அது தள்ளும் அளவு குறையும். எங்கள் பழைய பம்பைச் சோதித்தபோது, வேண்டிய அளவு பெட்ரோல் ஓடும்போது 60க்கு மேல் அது தாங்கவில்லை. அந்த 60லும், மேனிஃபோல்டில் உள்ள 8 பி.எஸ்.ஐ. எதிரே நின்று தள்ளுகிறது. மிச்சம் 52. இந்த அழுத்தத்தில், மூடாமல் திறந்தே கிடந்தாலும் இன்ஜெக்டர் தந்திருக்கக்கூடியது 22 பவுண்டுக்கும் குறைவு.

அன்றைய குளிரையும் சேருங்கள். கோடையின் 32 டிகிரியைவிட 5 டிகிரிக் காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி. தேவை தலைக்கு 24 இல்லை, 26க்கு மேல். ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோல் பற்றாக்குறை. கோடையில் அந்தப் பற்றாக்குறை இதைவிடக் குறைவு, அதனால் எஞ்சின் பொறுத்துக்கொண்டது. நான் அதைப் 'பத்தும்' என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கணக்கைப் போட எனக்கு இருபது நிமிடம் ஆனது.

நோட்டை எடுத்துப் போய் அவனிடம் காட்டினேன். "அன்னைக்கு நான் கணக்குப் போடலடா" என்றேன்.

அவன் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தெரியும். போட்டிருந்தா நோட்டுல இருந்திருக்கும்."

பிறகு இரண்டு பேருமாகப் புது இன்ஜெக்டர் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். கோபத்தில் அவன் முதலில் கேட்டது 60 பவுண்டு. "இனிமே பத்தலேங்கிற பேச்சே வரக்கூடாது." இதுவும் தப்பு. முழு வேகத்தில் பெட்ரோலை அள்ளிக் கொட்டும் அதே இன்ஜெக்டர், சிக்னலில் நிற்கும்போது சொட்டுக் கணக்கில் தர வேண்டும். எங்கள் காரில் ஐடிலில் 19 பவுண்டு இன்ஜெக்டர் தோராயமாக 3 மில்லி செகண்ட் திறந்திருந்தது. அதில் 1 திறப்பதற்கே சரி. 60 பவுண்டு போட்டால் மொத்தமே 1.6 மில்லி செகண்டுக்கு இறங்கிவிடும். பழைய வகை இன்ஜெக்டர் அவ்வளவு சிறிய நேரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பீய்ச்சாது. வண்டி உதறும், ப்ளக் கரி பிடிக்கும். ஆகவே மேலே இடம் இருக்க வேண்டும், கீழே பிடி இருக்க வேண்டும்.

கடையில் கிடைப்பவை 24, 30, 36, 42 என்ற வரிசை. கணக்கில் வந்தது 30. ஆனால் குளிருக்கு 10 சதவீதம் சேர்த்தால் 33. ஆகவே 36 எடுத்தோம். 80 சதவீதத்தில் தலைக்கு 28.8 பவுண்டு, எட்டுக்கும் சேர்த்து 230. ஒரு குதிரைத்திறனுக்கு 0.65 என்று கூட்டிப் போட்டாலும் 350 குதிரைத்திறன் வரை தாங்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த 36 எந்த அழுத்தத்தில் அளந்தது? 43.5 பி.எஸ்.ஐ.யில் அளந்த 36, எங்கள் 40 பி.எஸ்.ஐ.யில் 34.5 தான். காயிலின் மின்தடை எவ்வளவு? எங்கள் கம்ப்யூட்டருக்கு 12 முதல் 16 ஓம் உள்ளது வேண்டும். 2 முதல் 4 ஓம் உள்ளதை நேராக மாட்டினால் கம்ப்யூட்டர் கருகும். எட்டும் சோதித்துச் சேர்த்த செட்டா? ஒன்று மட்டும் குறைவாகப் பாய்ந்தால், ஆக்ஸிஜன் சென்ஸார் பக்கத்துக்கு நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் காட்டும். நோயாளி யார் என்று சொல்லாது.

இன்ஜெக்டர் மாறியது கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது என்பதும் முக்கியம். அது 19 என்று நினைத்தே கணக்குப் போடும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. காற்றை அளக்கும் மீட்டரையே குறைத்துச் சொல்லும்படி மாற்றிவிடுவார்கள். பெட்ரோல் சரியாகிவிடும். ஆனால் காற்று குறைவு என்று நம்பிய கம்ப்யூட்டர், ஸ்பார்க்கை முன்கூட்டியே தட்டும். பூஸ்டில் அது திரும்பவும் டெட்டனேஷன்தான். ஒரு பொய்யை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்டுகிற வேலை எங்களுக்குப் போதும் என்றாகிவிட்டது. கம்ப்யூட்டரின் சர்வீஸ் போர்ட்டில் ஒரு சிப் பொருத்தி, இன்ஜெக்டரின் உண்மை அளவையே எழுதினோம்.

மணிக்கு 192 பவுண்டு என்பது ஏறத்தாழ 117 லிட்டர். மணிக்கு 255 லிட்டர் என்று விற்கும் பம்ப் போட்டோம். அழுத்தத்தில் குறைவது போகவும் மிச்சம் இருக்கும். நெரிக்கும் வால்வைக் கழற்றினோம். மேனிஃபோல்டில் இருந்து ரெகுலேட்டருக்கு ஒரு சிறு குழாய் உண்டு. பூஸ்ட் 8 ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் 8 ஏறும், இன்ஜெக்டருக்கு எப்போதும் அதே 40. அந்தக் குழாயில் விரிசல் இல்லையே என்று மூன்று முறை பார்த்தோம். பெட்ரோல் லைனைத் தொடும் முன் அழுத்தத்தை இறக்கி, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டுதான் வேலை.

அடுத்த ஆண்டு அதே அக்டோபரில், அதே பாதையில் ஓட்டினோம். வைட்பேண்ட் மீட்டரில் 11.7. இன்ஜெக்டர் 76 சதவீதம். கூழாங்கல் சத்தம் இல்லை. இந்த முறை ஓட்டியது அவன். அதற்கு முந்தைய மாதம் அவன் ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தான். டிக்கெட் என் செலவு.

மாணவ நண்பர்களே, நம்மில் பலருக்கு மஸ்டாங் கிடைக்காது, பரவாயில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு, வாசலில் நிற்கும் உங்கள் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கிறது. அது சிலிண்டருக்கு எவ்வளவு தர வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை உங்களாலேயே கண்டுபிடிக்க முடியும். வேண்டியது லேபில் அந்த ஸ்டாப் வாட்சைப் பிடித்து நீங்களே ரீடிங் எடுப்பது மட்டும்தான்.

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு நான் தெர்மல் லேபில் இருப்பேன். உடைந்த அந்த ஏழாவது பிஸ்டனைக் கொண்டு வந்திருக்கிறேன், தொட்டுப் பார்க்கலாம். சார் அனுமதித்தால் எஞ்சினையும் ஓட்டுவோம். என் பழைய எக்ஸ்பெரிமெண்ட் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.