தானாக மாறும் கியர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் சைக்கிளைப் பற்றியா பேச வந்தான் என்று நீங்கள் சிரிக்கலாம். நாம் ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு மிதித்த வண்டியில் கியரே கிடையாது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. மேடோ, எதிர்க்காற்றோ, அதே கணக்குதான். மூச்சு வாங்குவது நம் பாடு!

கியர் இருந்தால் மிதிப்பது சுலபம். ஆனால் அதை எப்போது மாற்றுவது? "அதையும் வண்டியே பார்த்துக்கொள்ளட்டுமே" என்று பொறியாளர்கள் பல காலமாக முயன்று வருகிறார்கள்.

ஜெர்மனியின் சாக்ஸ் நிறுவனத்திடமிருந்து சைக்கிள் பாகங்கள் பிரிவை 1997-ல் வாங்கிய ஸ்ராம் கம்பெனி, பின்னாளில் 'ஆட்டோமேட்டிக்ஸ்' என்ற இரண்டு கியர் ஹப்பைக் கொண்டுவந்தது. அதில் ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. ஹப்புக்குள் சிறு எடைகள். அவற்றை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். சக்கரம் வேகமெடுத்தால் எடைகள் வெளிப்பக்கம் விரியும், மேல் கியர் பிடித்துக்கொள்ளும். அதே மிதிக்குச் சக்கரம் சுமார் 37 சதவீதம் அதிகம் சுற்றும். தியரி ஆஃப் மெஷின்ஸில் படித்த வாட் கவர்னர் தத்துவமேதான்!

சைக்கிளை விட்டுவிட்டவர்களைத் திரும்ப அழைக்க, 2007-ல் ஷிமானோ 'கோஸ்டிங்' என்ற மூன்று கியர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முன்சக்கர டைனமோ மின்சாரம் தரும். வேகத்தைப் பார்த்துச் சிறு கணினி கியரை மாற்றும். சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்தது.

இரண்டுமே கவனித்தது வேகத்தைத்தான். மேட்டில் ஏறி, வேகம் குறைந்த பிறகுதான் கியர் இறங்கும். ஓட்டுகிறவரோ மேட்டைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறார். அவருடைய முழங்கால் வலியும், கேரியரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கனமும் சக்கரத்துக்குத் தெரியுமா, சொல்லுங்கள்!

2022-ல் மோட்டார் துணையுள்ள சைக்கிளுக்காக ஷிமானோ வெளியிட்ட முறை வேகத்தோடு நிற்கவில்லை. பெடல் சுற்றும் வேகத்தையும் மிதியின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. முக்கியமான விஷயம், தேவைப்பட்டால் பட்டனை அழுத்தி நாமே மாற்றிக்கொள்ளலாம்.

நம்மில் பலர் ஆலைகளில் தானியங்கிகளை அமைத்துத் தருகிறவர்கள். அடுத்த முறை ஒன்று செய்யுங்கள். நம் கருவி எதை அளக்கவில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதையெல்லாம் அறிந்த தொழிலாளியின் கைக்கு எட்டும்படி ஒரு பட்டனை விட்டுவையுங்கள்.