கஷாயமும் குளிசையும் பகையாளிகள் அல்ல

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



நாள் முழுக்க மலையில நின்னு களைச்சு வந்திருக்கிறீங்க. அதனால நீட்டி முழக்காம விஷயத்துக்கு வாறேன்.

எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். அவங்களுக்கு பிரஷர் இருந்தது. டிஸ்பென்சரியில குடுத்த குளிசையையும் போட்டாங்க, நாட்டு வைத்தியர் குடுத்த சூரணத்தையும் சாப்பிட்டாங்க. சூரணத்தைப் பத்தி டொக்டர்கிட்ட சொல்லல்ல, ஏசுவாருன்னு பயம். குளிசையைப் பத்தி வைத்தியர்கிட்ட சொல்லல்ல, கோவிச்சுக்குவாருன்னு பயம். கொஞ்ச நாள்ல, ‘இப்ப ஒடம்பு சுகமாத்தானே இருக்கு’ன்னு தானாவே குளிசையை நிப்பாட்டிட்டாங்க. ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு பக்கம் கை கால் விழுந்துட்டது. அதுக்குப் பிறகு பேச்சு திரும்பவே இல்ல. யார் மேலயும் குத்தம் சொல்ல நான் இதைச் சொல்லல்ல. ரெண்டு பக்கமும் மறைச்சதுதான் எங்க வீட்டுக்கு வந்த கேடு.

இந்த ரெண்டு வைத்தியத்தையும் சேர்த்தே கொண்டுபோகப் பார்த்த பெரிய நாடு சீனா. நாம கிள்ளுற கொழுந்துக்கும் அதுதான் தாய்வீடு. அங்கே ஆதியில தேயிலையையே மருந்தாகத்தான் குடிச்சிருக்கிறாங்க. 1960களின் பிற்பகுதியில கிராமங்களுக்கு டொக்டர்மார் போதாத காரணத்தால், வயல்ல வேலை செய்யிற ஆட்களையே தெரிஞ்செடுத்து சில மாதம் பயிற்சி குடுத்தாங்க. ‘வெறுங்கால் வைத்தியர்கள்’ என்பது அவர்களுடைய பெயர். தடுப்பூசியும் போடுவாங்க, மூலிகையும் குடுப்பாங்க, ஊசிக்குத்து வைத்தியமும் செய்வாங்க. கடுமையான நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. இன்றைக்கும் சீன வைத்திய ஆஸ்பத்திரிகளில் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் உண்டு.

சேர்ந்து போனதால் கிடைத்த பெரிய பலன் ஒன்றைச் சொல்றேன். 1967இல் மலேரியாவுக்குப் புது மருந்து தேடுற வேலையை சீன அரசாங்கம் தொடங்கியது. தூ யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். சுமார் 1,600 வருஷத்துக்கு முந்தின ஒரு நூலில், காய்ச்சலுக்கு ஒரு மூலிகையைத் தண்ணியில ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூட்டில்தான் மருந்துச் சத்து கெடுகிறது என்று அவருக்குப் பட்டது. சூடு குறைச்சு சத்தைப் பிரிச்செடுத்து, முதல்ல எலிகளுக்கும் குரங்குகளுக்கும் குடுத்துப் பார்த்தாங்க. பிறகு 1972இல் அவரும் கூட வேலை செய்தவர்களும் தாங்களே குடித்துப் பார்த்தாங்க. அதன் பின்புதான் நோயாளிக்கு. அந்த ஆர்டிமிசினின் மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூல் வழி காட்டிச்சு, புதிய பரிசோதனை அதை உறுதியாக்கிச்சு.

இனி மறுபக்கம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடம்பு மெலிய என்று ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கலந்த மருந்து குடுத்தாங்க. பெயர் ஒத்திருந்ததால ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. சுமார் நூறு பெண்களுக்கு சிறுநீரகம் பழுதாகிப் போச்சு. பலருக்கு புற்றுநோயும் வந்தது. நம்ம ஆட்கள் அறிஞ்ச ஆடுதீண்டாப்பாளையும் அந்த நச்சுச் செடியின் குடும்பம்தான். ஆகவே, ‘இலை, வேர்தானே, என்ன செய்யப் போகுது’ என்று நினைக்க வேண்டாம்.

தனியாக நல்ல மருந்து, சேர்ந்தால் கெடுதியாவதும் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குளிசை போடுறவர், டான்ஷென் என்ற சீன வேரையும் சாப்பிட்டால் இரத்தப்போக்கு ஏற்படலாம்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம தேத்தண்ணியையே எடுத்துக்கொள்ளுங்க. கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை குடுக்கிறாங்க. அதைத் தேத்தண்ணியோட விழுங்கினால் சாயம் இரும்பைப் பிடிச்சுக்கும், இரத்தத்தில் சேர விடாது. தண்ணியோடயோ, தேசிக்காய்த் தண்ணியோடயோ போடுங்க. தேத்தண்ணிக்கு இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்க.

நான் கேட்கிறது நாலே விஷயம்.

ஒன்று: கிளினிக் போகும்போது வீட்டில் சாப்பிடுகிற கஷாயம், சூரணம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்க. வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியைக் காட்டுங்க.

இரண்டு: பிரஷர், சீனி, வலிப்பு, காசநோய்க் குளிசைகளை யார் சொல்லியும் தானாக நிறுத்த வேண்டாம். டொக்டரிடம் கேட்டபிறகுதான்.

மூன்று: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கர்ப்பிணிக்கு இரத்தம் படுதல், பிள்ளைக்கு வலிப்பு என்றால் கைமருந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரி.

நாலு: பெயர் ஊர் இல்லாத பொட்டலத்தை சந்தையில் வாங்காதீங்க. பதிவுபெற்ற வைத்தியரிடமே போங்க.

வயித்துப் பொருமலுக்கு ஓமத்தண்ணியும், தடிமனுக்கு கொத்தமல்லித் தண்ணியும் நம்ம ஆத்தாமார் தந்த சொத்து. அதை விடச் சொல்லி நான் வரவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்க என்று கேட்கத்தான் வந்தேன். டொக்டர் ஏசினாலும் ஏசட்டும். ஏச்சு ஒரு நிமிஷத்தில் போயிடும். எங்கம்மாவுக்குப் போன பேச்சு திரும்பி வரவில்லையே.