ஊரார் இரட்சை

 

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றில், முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்று புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. திருப்பிணையன் மலை என்பது குன்றின் பழம்பெயர் என்றும், திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகள் என்றும் அது அறிவிக்கிறது. சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாண்டிய நாட்டில் ஊர் ஊராகச் சென்று திருமேனிகள் எழுப்பிய அருந்தவத்தோர் அவர். அக்கல்வெட்டின் முடிவில் நிற்கும் செய்தியே இவ்வுரையின் பொருள். அத்திருமேனி பாதிரிக்குடியாரின் இரட்சை என்கிறது கல்.

இரட்சை என்றால் காவல். அரசனின் படையிடமோ தொலைவிலுள்ள பள்ளியின் தலைவரிடமோ அந்தக் காவல் ஒப்படைக்கப்படவில்லை. அருகிலிருந்த ஊராரிடம் ஒப்படைக்கப்பட்டது. யானைமலையிலும் இதுவே நடந்தது. அங்குள்ள அச்சணந்தி அடிகளின் திருப்பணி ஒன்றைக் காக்கும் பொறுப்பை நரசிங்கமங்கலத்துச் சபையார் ஏற்றனர் என்று கல்வெட்டு கூறுகிறது. நரசிங்கமங்கலம், மலையடிவாரத்தில் கி.பி. 770இல் குடையப்பெற்ற நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலை உடைய ஊர். வேற்றுச் சமயக் கோயிலைப் போற்றிய ஊரின் சபையே மலைமேலிருந்த ஜினர் திருமேனிக்கும் காவலாக நின்றது. அருகில் வாழ்பவனே காக்க வல்லவன் என்பதை முனிவர் அறிந்திருந்தார். அண்டை வீட்டான் தெய்வத்தைக் காப்பது தன் கடமை என்பதைச் சபையார் அறிந்திருந்தனர்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமணத்தின் சுவடுகள் அச்சணந்தி அடிகளின் காலத்திற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மீனாட்சிபுரத்துக் குன்றிலுள்ள மாங்குளம் கல்வெட்டுகள், கணிநந்தன் என்னும் முனிவருக்கு நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி பள்ளி அமைத்துக் கொடுத்ததைச் சொல்கின்றன. வெள்ளறை வணிகக் குழுவினர் அளித்த கொடையும் அங்கே பதிவாகியுள்ளது. அழகர்மலைக் குகையில் கொடையாளர்களாக நிற்பவர்கள் உப்பு வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் முதலிய எளிய தொழிலோர். தம் உழைப்பின் ஒரு பகுதியைத் துறவியரின் கற்படுக்கைக்காக அவர்கள் கொடுத்தனர். இல்லறத்தாரும் துறவறத்தாரும் ஒருவரையொருவர் தாங்கி நின்ற வாழ்க்கையின் சாட்சிகள் இவை.

காலப்போக்கில் பள்ளிகள் ஒழிந்தன. தமிழ்ச் சமணர் இன்று பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் முதலிய வட பகுதிகளில் வாழ்கின்றனர். பாண்டிய நாட்டுக் குன்றுகளின் அடியிலுள்ள சிற்றூர்களில் சிராவகக் குடிகளைக் காண்பது அரிது. ஆயினும் திருமேனிகள் தனித்து விடப்படவில்லை. கற்படுக்கைகளைக் கண்ட மக்கள் அவை பஞ்சபாண்டவர் படுக்கைகள் என்றனர். கீழக்குயில்குடிச் சமணர்மலையில் பெரிய உருவில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றனர். அக்குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயரிட்டனர். இதனை அறியாமை என்று இகழ்தல் தகாது. பெயர் மறந்த பின்னும், இது பெரியோர் உறைந்த இடம் என்னும் மதிப்பை அவர்கள் மறக்கவில்லை. பாதிரிக்குடியார் ஏற்ற காவலின் எச்சம் என்றே அம்மதிப்பைக் கொள்ளலாம்.

ஆனால், மதிப்பு மட்டும் போதாத காலம் வந்தது. மதுரை மாவட்டத்துக் குன்றுகள் கருங்கல்லுக்காகவும் கிரானைட்டுக்காகவும் அறுக்கப்பட்டன. கீழவளவு போன்ற இடங்களில், கற்படுக்கைகள் உள்ள குன்றுக்கு அண்மையிலேயே பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டன. வெடி வைத்துத் தகர்த்தவர்கள் ஒருபுறம். பொழுதுபோக்காக வந்து, இரண்டாயிரம் ஆண்டு எழுத்தின் மேல் தம் பெயரைக் கீறிச் சென்றவர்கள் மறுபுறம். தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை பல இடங்களில் உண்டு. எனினும், எழுத்து எது, பாறையின் இயற்கைக் கீறல் எது என்று பிரித்தறியத் தெரியாதவருக்கு அப்பலகை என்ன சொல்லும்? மாங்குளம் கல்வெட்டுகளை இராபர்ட் சூவல் கண்டது 1882இல். இவ்வகைக் குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டியது 1924இல். அறிஞர் உலகமே நாற்பது ஆண்டுக்கு மேல் தடுமாறிய எழுத்தை ஆடு மேய்க்கும் சிறுவன் தானாக அறிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. அவனுக்கு ஒருவர் சென்று சொல்ல வேண்டும்.

அவ்வாறு சொல்லும் பணி 2010இல் ஒரு நெருக்கடியின் நடுவே தொடங்கியது. யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் ஒன்று அவ்வாண்டில் பேசப்பட்டது. மலையடிவார நரசிங்கம் மக்கள் எதிர்த்து எழுந்தனர். எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் உடன் நின்றனர். திட்டம் கைவிடப்பட்டது. அம்மலையைப் பற்றி எழுதிய எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனின் முயற்சியால், மலையை நேரில் காண விரும்பியோர் கூடி நடக்கத் தொடங்கினர். அதுவே ‘பசுமை நடை’ என்னும் இயக்கமாக வளர்ந்தது. அன்று முதல் மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கும் பிற தொல்லிடங்களுக்கும் மக்கள் கூட்டாகச் சென்று வருகின்றனர்.

இந்நடையின் முறை மிக எளியது. ஞாயிற்றுக்கிழமை வைகறையில் கூடுகின்றனர். கட்டணம் இல்லை. முதியவர், மாணவர், கைக்குழந்தையோடு வரும் தாய் என யாவரும் வரலாம். சிற்றூருக்குச் சென்று, வெயில் ஏறுமுன் குன்றேறுகின்றனர். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையருகே நின்று, கல்வெட்டில் உள்ளதை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டுகின்றனர். காலை வெயில் சாய்ந்து விழும்போது, ஆழமின்றிப் பொறித்த எழுத்துகள் நிழல் கொண்டு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் அவை பாறையோடு கலந்து மறையும். பின்னர் கீழே இறங்கி மரநிழலில் அமர்ந்து காலையுணவு உண்டு கலைகின்றனர்.

இவ்வாறு சமணர்மலைக்குச் சென்றவர் பெறுவது யாது? பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக அமைந்த எட்டுத் திருவுருவங்களின் முன் நிற்கும்போது, ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் உருவம் பார்சுவநாதர் என்றும், நின்ற நிலையில் தவம் புரிபவர் பாகுபலி என்றும் அடையாளம் காணக் கற்கிறார். அங்குள்ள திருமேனி ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் என்று கேட்கிறார். மகன் துறவு பூண்டு ஊர் ஊராகச் செல்ல, தாயும் தன் பங்கிற்கு ஒரு திருமேனி எழுப்பிய செய்தியைக் கேட்டபின், அந்தப் பாறை அவருக்கு வெறும் பாறையாக இராது. அதன் மேல் பெயர் கீற முனையும் கையைத் தடுக்க, அவரே முதல் ஆளாக நிற்பார்.

யானைமலையில் கற்கும் பாடம் இன்னும் வியப்பானது. அங்குள்ள தமிழி எழுத்தில் அம்மலை ‘இவகுன்றம்’ எனப்படுகிறது. இவம் என்பது யானையைக் குறிக்கும் என்பர் அறிஞர். அடிவாரத்து உழவர் யானைமலை என்று வழங்கும் பெயர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பொருள் மாறாமல் வழங்கி வருகிறது. தம் நாவில் இருப்பது இத்தனை தொன்மையான சொல் என்று அறிந்த மக்கள், அம்மலையைப் பிறர் உடைமையாகக் கருதுவார்களா?

இந்நடைக்கும் உரைக்கும் கட்டணம் இல்லாதிருப்பது சிறு செய்தியன்று. கட்டணம் வைத்தால், வருபவர் நகரத்தார் மட்டுமே. மலையடியில் வாழும் கூலித் தொழிலாளியும் அவர் மகளும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பர். காக்க வேண்டிய கை அவர்களுடையதாக இருக்க, கல்வி வேறிடம் சென்று சேரும். உணவு, மருந்து, அபயம், சாத்திரம் எனத் தானத்தை நால்வகையாக வகுத்தது சமண அறம். சாத்திர தானத்தை மற்றவற்றுக்கு இணையாக வைத்ததன் காரணம் இத்தகைய இடங்களில் விளங்கும். அறிவு அனைவர்க்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்டால், அது திருமேனிகளுக்கும் அபயம் ஆகிறது.

இதற்குச் சான்றாக அரிட்டாபட்டிக்கே திரும்ப வேண்டும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், சுனைகள், ஏரிகள், சுமார் 250 வகைப் பறவைகள் ஆகியவற்றோடு, சமணச் சின்னங்களும் குடைவரைச் சிவன் கோயிலும் அத்தகுதிக்குக் காரணமாயின. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2024 நவம்பரில் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது.

மேலூர் வட்டாரச் சிற்றூர்கள் கொதித்து எழுந்தன. கிராம சபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் உழவர்கள் பெருந்திரளாக மேலூரிலிருந்து மதுரை நோக்கிப் பேரணி சென்றனர். அம்மாத இறுதிக்குள் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை நீக்கியது.

அம்மக்கள் முதலில் அஞ்சியது நிலத்துக்காகவும் நீருக்காகவும்தான், அதுவே இயல்பு. வயலும் ஏரியும் போனால் வாழ்வில்லை. வெற்றி அவர்களுடையது, நடைப்பயணங்களால் மட்டும் விளைந்தது என்று சொல்வது மிகை. எனினும், எதிர்ப்புக் குரல்களில் பயிரோடும் ஏரியோடும் கல்வெட்டும் சமணர் படுக்கையும் சேர்ந்து ஒலித்தன. தங்கள் குன்று எத்தகையது என்பதை நாட்டுக்கு எடுத்துச் சொல்ல அவர்களுக்குச் சொற்கள் இருந்தன. ஆண்டுக்கணக்காக அறிஞரும் ஆர்வலரும் அக்குன்றுகளில் ஏறி இறங்கிப் பேசியது வீண்போகவில்லை. அன்று பாதிரிக்குடியார் ஏற்ற காவலையும், நரசிங்கமங்கலத்துச் சபையார் ஏற்ற பொறுப்பையும், இன்று கிராம சபையார் தீர்மானமாக எழுதினர். பெயர்கள் மாறின; இரட்சை மாறவில்லை.

இவ்விழாவில் கூடியிருக்கும் சிராவகப் பெருமக்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. தல யாத்திரையாகப் பேருந்தில் வந்து, குன்றேறி வணங்கி, ஊராரிடம் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பும் வழக்கம் போதாது. இத்தனை தலைமுறையாகக் காத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் திரும்புவது அறமன்று. யாத்திரைக் குழுவோடு கல்வெட்டு அறிந்த ஒருவர் செல்லட்டும். உரை ஊர்ப் பொது மரத்தடியில், ஊராரும் பள்ளிப் பிள்ளைகளும் கேட்க நிகழட்டும். குன்றின் செய்தியை எளிய தமிழில் அச்சிட்ட ஒரு தாள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். அடுத்த முறை விளக்கம் சொல்லும் பொறுப்பை அவ்வூர் மாணவி ஒருத்தியே ஏற்கும்படி பயிற்சி தரலாம். செலவு பெரிதன்று, அறக்கட்டளைகளால் இயலும்.

பக்தி மிகுதியால் செய்யத்தகாதவையும் உள. பழந்திருமேனிகளுக்கு எண்ணெய் பூசுதல், பாலும் மஞ்சளும் சொரிதல், வண்ணம் தீட்டுதல், கல்வெட்டின் மேல் சுண்ணம் தடவுதல் ஆகியன எழுத்தையும் சிற்பத்தையும் சிதைக்கும். இது எங்கள் இடம் என்று உரிமைக் குரல் எழுப்புவது அதனினும் தீது; அடிவாரத்து அய்யனாரையும் கருப்பணசாமியையும் வணங்கும் மக்களின் நெஞ்சில் ஐயத்தை விதைத்து, ஆயிரம் ஆண்டுக் காவலை ஒரே நாளில் குலைத்துவிடும். பற்றின்மையைப் போதித்த பெருமானின் திருமேனிக்கு உரிமை வழக்கு அழகன்று.

அச்சணந்தி அடிகள் திருமேனிகளை எழுப்பினார். பூட்டும் கதவும் அமைக்கவில்லை. ஊராரை நம்பினார். அந்நம்பிக்கை ஆயிரத்து நூறு ஆண்டு நிலைத்தது. இனியும் நிலைக்க வேண்டுமாயின், கல்லில் உள்ளதைக் கல்லருகே வாழ்பவருக்குக் கட்டணமின்றிப் படித்துச் சொல்லும் குரல் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒலிக்க வேண்டும்.

வாழ்க அறம்! வளர்க அன்பு!