அயல் மாநிலத்தில் வீடு வாங்குவோருக்கு

உத்தியோக நிமித்தமாகவோ வாணிப நிமித்தமாகவோ தமிழகத்தை விட்டு வெளியேறிய நம்மில் பலர், சில ஆண்டுகளுக்கென்றே வந்தவர்கள். பிள்ளைகள் இங்கேயே படித்து, இங்கேயே வேலையும் தேடிக்கொண்ட பின்னர், ஊர் திரும்புவதா, இங்கேயே ஒரு வீடு வாங்கிக்கொள்வதா என்னும் கேள்வி எழுகிறது. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, வீட்டுப் பெண்களின் நகை என்று ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் ஒரு கையெழுத்தில் கைமாறிவிடும். அந்தக் கையெழுத்துக்கு முன்பாக நமக்கென்று ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுதல் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். பெரும்பாலும் தில்லிவாழ் தமிழரை மனத்திற்கொண்டு பேசுவோம். மற்ற நகரங்களுக்கும் இவற்றிற் பல பொருந்தும்.

முதல் இடர்ப்பாடு சொற்களிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டா என்றால், நிலம் யார் பெயரில் வருவாய்க் கணக்கில் உள்ளது என்பதைக் காட்டும் பத்திரம். இந்தியிலோ பட்டா என்பது குத்தகை. “இந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறது” என்று தில்லித் தரகர் கூறினால், நம் காதில் அது சொந்தம் என்று ஒலிக்கும். அவர் கூறியதோ, நிலம் அரசுக்குரியது, நெடுநாள் குத்தகைக்கு விடப்பட்டது என்பதே. பயானா என்பது முன்பணம். பைனாமா என்பது கிரயப் பத்திரம். தாகில் காரிஜ் என்பது பெயர் மாற்றம். பழைய ஆவணங்கள் சில உருது எழுத்தில் இருக்கும். சார்பதிவாளர் அலுவலக வாயிலில் அமர்ந்திருக்கும் பத்திர எழுத்தரை வசீகா நவீஸ் என்பார்கள். அவர் பத்திரத்தை அழகாக எழுதித் தருவார். விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று ஆராய்வது அவர் வேலையன்று. பெங்களூரில் இருப்போர் கத்தா என்னும் சொல்லில் இதே போன்று மயங்குவதுண்டு. அது வரி விதிப்புக்கான நகராட்சிக் கணக்கு; அதனாலேயே உரிமை பிறந்துவிடாது.

இன்னொரு மயக்கம், பதிவு ஆகிவிட்டால் எல்லாம் ஆயிற்று என்னும் நம்பிக்கை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலங்களின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தால்தான் நிகழ வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் கூறுகிறது. ஆனால் சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை. உரிமைக்கு அவர் பிணை நிற்பதில்லை. தனக்கில்லாத உரிமையை ஒருவர் விற்றால், பத்திரம் பதிவாகியும் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆதலின், விற்பவருக்கு அந்த உரிமை எவ்வாறு வந்தது, அவருக்கு விற்றவருக்கு எவ்வாறு வந்தது என்று பின்னோக்கிச் சென்று பார்த்தாக வேண்டும். முப்பது ஆண்டுகள் வரையிலேனும் பார்ப்பது வழக்கறிஞர்களின் மரபு.

தில்லியில் இச்சங்கிலி அறுந்திருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. 1957-இல் தோன்றிய தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டி ஒதுக்கிய வீடுகள் பல, குத்தகை நிலத்தில் அமைந்தவை; கைமாற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. அவற்றைக் கடக்க மக்கள் ஒரு வழி கண்டனர். விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில், ரசீது, சாவி ஒப்படைத்த கடிதம் என ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து வீட்டை மாற்றிக்கொண்டனர். அக்கட்டு இரண்டு மூன்று கை மாறியதும் உண்டு. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய காகிதங்களால் சொத்துரிமை மாறுவதில்லை என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னரும், “இங்கே எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்” என்று சொல்லும் தரகர்கள் உளர். விலை கணிசமாகக் குறைந்திருப்பதும் உண்மையே. உரிமை இல்லாமையின் விலைதான் அந்தத் தள்ளுபடி.

வழக்கறிஞரைத் தேர்வது எவ்வாறு? நீதிமன்றத்தில் முழங்கிப் பெயர் பெற்றவராக இருத்தல் வேண்டுவதில்லை. நாம் வாங்கும் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண வேலையையே நெடுநாளாகச் செய்து வருபவர் வேண்டும். தமிழரே கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் மொழி ஒன்றையே தகுதியாகக் கொள்ளலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் நம்முடைய வழக்கறிஞராக இருக்க வேண்டும். தரகர் அழைத்து வருபவர், விற்பனை நடந்தால்தான் அடுத்த முறையும் அழைக்கப்படுவார். விற்பவரின் வழக்கறிஞர் விற்பவருக்குக் கடமைப்பட்டவர். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரே என்று அமைதியடைவோரும் உண்டு. அவர் பார்ப்பது வங்கியின் கடன் திரும்பி வருமா என்பதை. பல இடங்களில் அவருடைய அறிக்கை நம் கைக்கே வருவதில்லை.

முதற் சந்திப்பிலேயே, எந்தெந்த ஆவணங்களைப் பார்ப்பீர்கள் என்று கேட்டுவிடலாம். காகிதங்களைப் பாராமலே “ஒன்றும் கவலையில்லை” என்பவரை விட்டு விலகுவதே நலம். உரிமை பற்றிய கருத்தை அவர் எழுத்தில் தர இசைய வேண்டும். கட்டணமும் முன்னரே பேசித் தீர்க்கப்பட வேண்டும். இக்கட்டணத்தில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. சமையலறைக்குச் சலவைக்கல் பதிக்க யோசியாது செலவிடும் நாம், இங்கே மட்டும் பேரம் பேசுவது வேடிக்கையே. முன்பணம் கொடுத்த பிறகு வழக்கறிஞரைத் தேடுவது இன்னும் வேடிக்கை. ஒப்பந்தம் எழுதுமுன் அவர் வந்துவிட வேண்டும். உரிமையில் குறை காணப்பட்டால் முன்பணம் திரும்பி வரும் என்னும் விதியை ஒப்பந்தத்திலேயே அவர் சேர்ப்பார்.

நம் ஊர் வழக்கப்படி வில்லங்கச் சான்று ஒன்றைப் பெற்றால் போதும் என்றும் எண்ணலாகாது. பதிவானவையே அதில் தெரியும். உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. நிலுவையிலுள்ள வழக்கும் அதில் தோன்றாமற் போகலாம். தில்லியில் வழக்கறிஞரோ அவர் குமாஸ்தாவோ நேரில் சென்று பதிவேடுகளைப் பார்த்து வருவதே பழைய வழக்கம். மூல ஆவணங்களை வங்கியில் வைத்துக் கடன் பெற்றிருக்கிறார்களா என்பதை, 2011 முதல் இயங்கி வரும் மத்தியப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம். நகல்களை மட்டுமே காட்டி, மூலம் தொலைந்துவிட்டது என்பவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தந்தை மறைவுக்குப் பின் மகன்கள் விற்கும் வீடாயின், தாயாரும் மணமாகிச் சென்ற பெண்மக்களும் கையெழுத்திட்டார்களா என்று பார்க்க வேண்டும். அவர்களுள் ஒருவர் விடுபட்டாலும், அவர் பங்கு நம் கைக்கு வராமலே நின்றுவிடும்.

கூட்டுறவுச் சங்க வீடுகளில், சங்கத்தின் பாக்கி இல்லை என்னும் சான்றும் உறுப்பினர் பங்குச் சான்றும் தேவை. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவரே 1 சதவிகிதம் வருமான வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராயின் விதி வேறு, தொகையும் பெரிது. மத்திய அரசு ஊழியர்கள் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, வாங்குமுன்பே அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

அதிகாரப் பத்திரத்தின் பேரில் ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்போர் நம்மவருள் உளர். அவர்கள் அஞ்சி ஒளிக்க வேண்டியதில்லை. காலம் தாழ்த்தவும் கூடாது. அதிகாரம் அளித்தவர் இறந்தால் அவ்வதிகாரம் பொதுவாக முடிந்துவிடும். வாரிசுகள் வீட்டு விலை ஏறியிருப்பதைக் கண்டு புதிய கணக்குப் பேசத் தொடங்குவார்கள். 2011-க்கு முன்னரே முடிந்த காகிதங்களைக் கொண்டு, வளர்ச்சி ஆணையம் போன்ற அமைப்புகளிடம் முறைப்படுத்திக்கொள்ள அத்தீர்ப்பே இடம் தந்திருக்கிறது. முதலில் ஒதுக்கீடு பெற்றவர் உயிருடன் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று இந்த வாரமே விசாரித்து, அவர் முகவரியுடன் வழக்கறிஞரைச் சென்று காண்க.