இருட்டில் தடுமாறும் பிள்ளையை அதட்டாதீர்கள்

 

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். மதரஸாவில் ஓதிக் கொடுத்த காலம். பதினான்கு வயது மாணவன் ஒருவன் பகலில் பாடத்தை மணி மணியாக ஒப்பிப்பான். சுபுஹுக்கு எழுப்பினால், ஹவுதுக்குப் போகும் வழியில் படியில் இடறுவான், படுத்திருப்பவர்களை மிதிப்பான். திமிர் என்று எண்ணிப் பிரம்பை எடுத்தேன். "ஹஜ்ரத், இருட்டினால் எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அழுதான். கிதாபின் பொடி எழுத்தை வாசிப்பவனுக்குக் கண் தெரியாதாம்! நான் நம்பவில்லை.

அவன் சொன்னது உண்மை. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்ற பரம்பரை விழித்திரை நோய் அது. ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்கள் முதலில் அழிகின்றன. பின்னர் பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகும். நடுப்பார்வை பல ஆண்டுகள் தாக்குப் பிடிக்கும். அதனால்தான் எழுத்துப் பலகையை வாசித்துவிடுகிறார்கள், எதிரே நீட்டிய கையைப் பார்ப்பதில்லை. உங்கள் கடைப் பையன் சாமானைத் தட்டிவிடுகிறானா? திட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். வைட்டமின் ஏ குறைவாலும் மாலைக்கண் வரும். அது மருந்தில் தீரும். எது என்று சோதித்தால்தானே தெரியும்?

இனி, பலருக்குக் கசக்கும் பேச்சு. இந்நோய் பல வழிகளில் இறங்கும். ஒரு வகையில், பழுதான மரபணு தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று மறைந்திருக்கும். இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கும். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடித்தால் ஒரே பழுது இருபுறமும் சேர வழி அதிகம். மாமன் மகளையும் மாமி மகளையும் முடிப்பது ஆகுமானது. கடமை என்று யார் சொன்னது? சொத்து வெளியே போகக் கூடாது என்ற கணக்கைச் சுன்னத்தாக்கிவிட்டோம்! பிள்ளைக்குப் பார்வை குறைந்ததும் மருமகள் மேல் பழி போடுகிறோம். உங்கள் மகனின் பங்கை மறந்துவிட்டீர்களே! குடும்பத்தில் இந்நோய் இருந்தால் சம்பந்தம் பேசும்போதே சொல்லுங்கள், மரபணு ஆலோசனை கேளுங்கள். மறைத்து முடித்த நிக்காஹ்கள் எத்தனை பஞ்சாயத்துக்கு வந்திருக்கின்றன!

லேகியத்தில் குணமாகும் என்பவனிடம் கடையை அடகு வைக்காதீர்கள். 2017இல் அமெரிக்கா அனுமதித்த மரபணு மருந்து ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே மரபணுவின் பழுதுக்கு மட்டுமே. அறிமுகமானபோது அதன் விலை இரு கண்ணுக்கும் எட்டரை லட்சம் டாலர்! ஆனால் இடையில் கண்புரை வந்தால் அதை அறுவை செய்துகொள்ளலாம். இருட்டுவதற்கு முன்பே வெள்ளைக் கோல் பிடிக்கவும், பேசும் கணினியில் கணக்கு எழுதவும் பழகலாம். கோல் பிடித்தால் பெண் கிடைக்காது என்று பெற்றோரே தடுக்கிறார்கள். இருட்டில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்க மட்டும் தயங்குவதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைப் புலம் சுருங்கியவரையும் கணக்கில் எடுக்கிறது. 40 விழுக்காடு ஊனம் என்று சான்று பெற்றால் அரசு வேலை ஒதுக்கீட்டில் உரிமை உண்டு. எழுத்து தெரிகிறதே என்று திருப்பி அனுப்பினால், பார்வைப் புலச் சோதனை எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். அலைய ஆளில்லாத வீடு எதுவும் இருந்தால் இஷாவுக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள். நானே கூட வருகிறேன்.