சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் கேளுங்கள்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணி, பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு, பிரசாவுரிமை என்று எதற்காகக் கந்தோருக்குப் போனாலும் எங்களில் பலர் கேட்டுத் திரும்புகிற பதில் ஒன்றுதான்: "சட்டத்தில் இடமில்லை." எந்தச் சட்டம் என்று நாங்கள் கேட்பதில்லை. சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரிடம் இருப்பது பழைய பிரதியாகவும் இருக்கலாம். ஆகவே அடுத்த முறை மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "ஐயா, அந்தச் சட்டத்தின் இலக்கம் என்ன, எந்த ஆண்டு?" அந்த இரண்டும் கையில் இருந்தால் மிச்சத்தை உங்கள் பிள்ளைகளின் போனிலேயே பார்க்கலாம்.

அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சட்டங்கள், சட்டமூலங்கள், வர்த்தமானிகள் மூன்று மொழிகளிலும் இருக்கின்றன. காசு கட்டத் தேவையில்லை. பாராளுமன்றத்தின் இணையத்தளத்திலும் சட்டங்களைத் தேடலாம். பிள்ளைகள் உடனே "காணி" என்று தமிழில் எழுதித் தேடுவார்கள், ஒன்றும் வராது. பல தமிழ்ப் பிரதிகள் பழைய எழுத்துருவில் இருப்பதால் கணினிக்கு அந்தச் சொல் பிடிபடுவதில்லை. சட்டம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஆண்டைத் தெரிவுசெய்து இலக்கத்தைப் பாருங்கள்.

திறந்ததும் முதலில் தலைப்பைப் பாருங்கள். "சட்டமூலம்" என்றிருந்தால் அது யோசனை மட்டுமே. சபாநாயகர் சான்றுரைப்படுத்திய திகதி போட்டிருந்தால்தான் சட்டம். சில சட்டங்கள் அதற்குப் பிறகும் காத்திருக்கும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் 2016 ஓகஸ்டில் சான்றுரைப்படுத்தப்பட்டது. வர்த்தமானி மூலம் அது நடைமுறைக்கு வந்தது 2017 செப்டெம்பரில். இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இந்தத் தளங்களில் ஒரு சட்டத்தைத் திறந்தால், அது அன்று நிறைவேறியபடியே இருக்கும். பின்னால் வந்த திருத்தத்தை அதற்குள் சேர்த்துத் தரமாட்டார்கள். திருத்தம் வேறொரு ஆண்டில், வேறொரு இலக்கத்தில் தனியாகக் கிடக்கும். தேடுகிறவர்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

கணவனையோ மகனையோ காணாமற் தேடுகிற அம்மாமார் இங்கே இருக்கிறீர்கள். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, இறப்புக்களைப் பதிவுசெய்தல் பற்றிய தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தை மட்டும் வாசித்தால், மரணச் சான்றிதழ் எடுக்கும் வழி மட்டும்தான் தெரியும். "அவர் செத்துப்போனார் என்று என் கையால் எப்படி எழுதிக் கொடுப்பது" என்று அழுதுகொண்டு திரும்பியவர்கள் எத்தனை பேர். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம், ஆள் இறந்தார் என்று சொல்லாமல், காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழி செய்தது. திருத்தத்தைப் பார்க்காதவருக்கு அந்த வழியே தெரியாது. பெயரிலேயே "தற்காலிக" என்று இருக்கிறது, கவனியுங்கள். அப்படிப்பட்ட சட்டத்தின் காலம் நீடிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் விண்ணப்பிக்க முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அனுமதிப்பத்திரக் காணியிலும் இதே கதைதான். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் பழைய அட்டவணையில், பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் ஆண் பிள்ளைகளுக்கே முதலிடம். 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. 1956 இலும் 1980 இலும் தொகுக்கப்பட்ட பெரிய சட்டப் புத்தகங்கள் சில கந்தோர்களில் இன்னும் இருக்கும். அவற்றில் இது இருக்காது. உங்கள் குடும்பத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதைத் திருத்தத்தையே கையில் வைத்துக் கேளுங்கள்.

காலக்கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டப்படி, ஒருவர் 10 வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஒரு காணியை ஆண்டுவந்தால் அவர் உரிமை கோரலாம். நாங்கள் முகாமிலும் தமிழ்நாட்டிலும் இருந்த காலத்தில் எங்கள் காணியில் வேறு ஆட்கள் 10 வருடத்துக்கு மேல் இருந்தார்கள். அதற்காகவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்றது. ஆனால் வழக்குப் போட அது கொடுத்த தவணை 2 வருடம். சட்டம் வந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் பலர். தவணை எழுதப்பட்ட பிரிவுவரை வாசித்தவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் எந்தச் சட்டத்தையும் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள் என்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் அநேகமாக இன்னொரு வசனமும் இருக்கும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். அதனால் தமிழ்ப் பிரதியில் ஒரு சொல் குழப்பமாக இருந்தால், சிங்களம் தெரிந்த ஒருவரிடம் அதே பிரிவைக் காட்டுங்கள்.

சுற்றறிக்கைகள் வேறு. அரச காணிப் பிணக்குகள் தொடர்பாகக் காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட 2013/01 போன்றவை சட்டங்களின் வரிசையில் இராது. கந்தோரில் சுற்றறிக்கை என்று சொன்னால் அதன் இலக்கத்தையும் வாங்குங்கள். பிரதி தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

போனில் வாசித்துவிட்டு நேரே வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. தேவையான பக்கத்தை அச்செடுத்து, அனுமதிப்பத்திரம் அல்லது உறுதியின் போட்டோக்கொப்பியோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குக் கொண்டு போங்கள். மண்டபத்தின் பின்புற மேசையில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் கணினியோடு இருக்கிறார்கள். இலக்கம் தெரிந்தவர்கள் இப்போதே போய்ப் பார்க்கலாம். தெரியாதவர்கள் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினால், அதில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று சேர்ந்து தேடுவார்கள்.