இரண்டு பெயரில் ஒரு மனை

திருப்பரங்குன்றம், திருநகர் பக்கம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து மனை வாங்குவது புதிதல்ல. கிரையப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கும். யாருக்கு எவ்வளவு பாகம் என்பதைத்தான் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், போட்ட பணத்தின் விகிதப்படி பாகம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 45-ஆவது பிரிவு. பணம் போட்டதற்குச் சான்று இல்லையா? சமபாகம் என்றே கொள்ளப்படும். பத்து லட்சத்தில் ஏழு லட்சம் கொடுத்த அண்ணனுக்கும் பாதிதான். உழைத்துச் சேர்த்த காசல்லவா!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் இறந்தால் முழுச் சொத்தும் மற்றவருக்கே சேரும் முறை உண்டு. இங்கே பொதுவாக அப்படியில்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டில், கணவர் உயில் எழுதாமல் காலமானால் அவர் பாதி முழுவதும் மனைவிக்கு வராது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. இதை அறியாமல் எத்தனையோ பெண்கள் தவிக்கிறார்கள்.

கூட்டுப் பட்டாவில் பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம். உங்கள் பாகத்தைச் சொல்ல வேண்டியது பத்திரம். எழுதும்போதே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.